எக்செல் தூண் வரைபடத்தில் வருடமும் ஒரு தூணாக வருகிறது (ஏலக்காய்க் கணக்கு): உதவி தேவை

குமுளித்தோட்டம்:
வணக்கம். வண்டன்மேடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். மூன்று வருட உலர்காய்க் கணக்கு, காயின் அளவு (மில்லிமீட்டர்) வாரியாக, கிலோவில், எக்செலில் இருப்பது அப்படியே:

வருடம் | 8 மில்லிக்கு மேல் | 7-8 மில்லி | மீதி
2022 | 142 | 96 | 40
2023 | 150 | 90 | 38 கிலோ
2024 | 84 | 56 | 24

கிளஸ்டர்டு காலம் (Clustered Column, தூண்கள் அருகருகே நிற்கும் வகை) போட்டால் 'வருடம்' என்று ஒரு தூண் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கிறது; காய்த் தூண்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. வருடத்தை விட்டுவிட்டு 100% ஸ்டாக்டு (தரங்களை ஒரே தூணில் அடுக்கி, எல்லாத் தூணையும் ஒரே உயரமாக்கும் வகை) போட்டேன். 2022-உம் 2024-உம் ஒன்றுபோல் தெரிகின்றன! 2024 கோடையில் செடி கருகியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். படுதாக்குளம் (படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளம்) வெட்டுவது பற்றி அப்பாவிடம் பேச வேண்டும், இந்தப் படத்தை எப்படிக் காட்டுவது?

போடிக்காரர்:
தம்பி, 2022 என்பதும் எண்தான். அதையும் கிலோ என்று எக்செல் எடுத்துக்கொண்டது. இடது மேல் மூலையில் 'வருடம்' என்று இருக்கும் கட்டத்தைக் காலியாக்கி, பழைய சார்ட்டை நீக்கிவிட்டு, அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்துப் புதிதாகப் போடுங்கள். வருடங்கள் அடியில் போய் உட்காரும்.

அப்புறம் 100% வகை பங்கை மட்டுமே காட்டும். உங்கள் 8 மில்லிக் காய் 2022-இல் 278 கிலோவில் 142, 2024-இல் 164-இல் 84. இரண்டுமே 51 சதவீதம். தரம் மாறவில்லை, விளைச்சல்தான் விழுந்தது. அந்த 114 கிலோ போனதை 100% வகை மறைத்துவிடும். சாதாரண ஸ்டாக்டு காலம் போடுங்கள், 2024-இன் தூணே குட்டையாக நிற்கும்.

கம்பம்_கணக்கு:
2023-இல் மீதிக்காய் தெரியாதே, கவனித்தீர்களா? '38 கிலோ' என்று அடித்ததால் அது எழுத்தாகிவிட்டது, சார்ட்டில் பூஜ்யம். வெறும் 38 போதும்.

அடுக்குத் தூணில் அடியில் இருக்கும் துண்டையும் மொத்த உயரத்தையும்தான் கண்ணால் சரியாக ஒப்பிட முடியும். நடுத்துண்டு ஒவ்வொரு வருடமும் வேறு உயரத்தில் தொடங்கும். அதனால் 8 மில்லி அடியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தரமும் எவ்வளவு குறைந்தது என்று அப்பா கேட்டால் இன்னொரு படம் போடுங்கள்: கிளஸ்டர்டு, அதில் 'ஸ்விட்ச் ரோ/காலம்' (Switch Row/Column, வரிசையையும் நிரலையும் இடம் மாற்றும் பொத்தான்). தரம் அடியில் வரும், மூன்று வருடத் தூண்களும் அருகருகே நிற்கும். முப்பரிமாண வகை வேண்டாம், முன் தூண் பின் தூணை மறைக்கும்.

குமுளித்தோட்டம்:
அண்ணே, மூலைக் கட்டத்தைக் காலியாக்கியதும் சரியாகிவிட்டது! 38-உம் வந்துவிட்டது. இரண்டு படங்களையும் அச்சடித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: 2025 வரியைக் கீழே சேர்த்தேன், சார்ட்டில் வரவில்லை.

போடிக்காரர்:
சார்ட்டைத் தொட்டால் அட்டவணையைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும். நீலக் கோட்டின் கீழ் மூலையைப் பிடித்து ஒரு வரி இறக்குங்கள். ஆனால் இந்த வருட எடுப்பு (அறுவடை) முழுவதும் முடிந்த பிறகு சேர்ப்பது நல்லது தம்பி. பாதி எடுப்பை முழு வருடத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அப்பா அதைத்தான் முதலில் பார்ப்பார்.