ஆறு பக்கச் சண்டைக் காட்சி: ஒரே கேமராவா, மூன்று கேமராவா?

கேள்வி: முதல் தொடர் இயக்குநர்

வணக்கம். என் முதல் தொடரின் இரண்டாவது எபிசோடில் ஆறு பக்கத்துக்கு ஒரு சண்டை வருகிறது. அம்மா, அக்கா, தம்பி. வீட்டை விற்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. மூவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே புகுந்து பேசுவதாகவே எழுதியிருக்கிறேன். அது முடிந்ததும் அம்மா தனியாக உட்கார்ந்து பழைய பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒன்றரைப் பக்கக் காட்சி. அதில் வசனமே இல்லை.

ஒரே மாடலில் மூன்று கேமராக்கள் இரண்டு நாளைக்குக் கிடைக்கின்றன. மூன்று வைத்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும், ஒன்றே போதும் என்கிறார் ஒளிப்பதிவாளர். மூன்றையும் வைத்து ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறார் தயாரிப்பு நிர்வாகி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவாக நடிப்பவர் ரிகர்சலில் முதல் தடவையிலேயே உடைந்து அழுதுவிட்டார். அடுத்த தடவை அது வரவில்லை. அதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஒளிப்பதிவு உதவியாளர்

நான் உங்கள் ஒளிப்பதிவாளர் பக்கம். ஒரு கேமரா என்றால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை நகர்த்தி அந்த முகத்துக்கென்று ஒளி அமைக்கலாம். மூன்று கேமரா மூன்று திசையிலிருந்து பார்த்தால் அக்காவின் கீ லைட்டே (முகத்துக்கு விழும் முக்கிய ஒளி) தம்பிக்கு பேக் லைட்டாக (பின்னாலிருந்து வரும் ஒளி) வேலை செய்ய வேண்டியிருக்கும். ஸ்டாண்டை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு ஃபிரேமில் விழும். கடைசியில் எல்லா விளக்கையும் மேலே தூக்கிக் கட்டி, அறை முழுக்க ஒரே வெளிச்சமாக்கி விடுவோம். அந்தத் தட்டை அங்கிருந்துதான் வருகிறது.

லுக்கும், அதாவது நடிகர் பார்க்கும் திசையும் பிரச்சினைதான். ஒற்றைக் கேமரா இரண்டு பேருக்கும் நடுவே நுழைந்து, பார்வைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க முடியும். இரண்டு கண்ணும் தெரியும். மூன்று கேமரா இருந்தால் ஒன்றை ஒன்று படம் பிடித்துவிடாமல் விலகி நிற்க வேண்டும், முகம் பாதி பக்கவாட்டில் போய்விடும்.

அழுகை ஒரு தடவைதான் வரும் என்றால் காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள். 2025-ல் வந்த 'அடலசன்ஸ்' தொடரின் நான்கு எபிசோடுகளும் அப்படி எடுத்தவைதானே.

பதில்: பழைய ஸ்டுடியோ கேமராக்காரர்

ஒளி பற்றி ஒளிப்பதிவு உதவியாளர் சொன்னது சரி. அந்த ஒளிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1951-ல் 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். 1927-ல் வந்த 'மெட்ரோபொலிஸ்' படத்தை எடுத்தவர்களில் ஒருவர். நிழலை வைத்து எதையும் செய்யத் தெரிந்த மனிதர், அங்கே விளக்குகளையெல்லாம் மேலே ஏற்றிச் சமமான ஒளியைப் பரப்பினார். கேமராக்கள் தரையில் தடையில்லாமல் நகர வேண்டும், நாடகம் எங்கும் நிற்கக்கூடாது. அந்த மேடைக்கு அது தேவைப்பட்டது. உங்கள் வீட்டு ஹாலுக்கு அது தேவையில்லை. மூன்று கேமரா என்றாலே அந்த ஒளிதான் என்றும் இல்லை. 2006-ல் தொடங்கிய 'ஃபிரைடே நைட் லைட்ஸ்' தொடரில் மூன்று கேமராக்கள் கையிலேயே நடிகர்களைத் தொடர்ந்து போயின. ரிகர்சலும் இல்லை, தரையில் மார்க்கும் இல்லை. அதைத் தட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது குறுக்குப் பேச்சு. ஒரு கேமராவில் சண்டையை எடுக்கும்போது என்ன நடக்கும்? அம்மாவின் க்ளோஸ்-அப் ஓடும்போது மகன் குறுக்கே பேசினால் அவன் குரல் அம்மாவின் ஒலி டிராக்கில் ஏறிவிடும். அப்புறம் எடிட்டில் அவன் முகத்துக்கு வெட்டினால் அந்த டேக்கில் அவன் அதே வேகத்தில் பேசியிருக்க மாட்டான். அதனால் "அவங்க முடிச்ச பிறகு நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிடுவோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருந்து சண்டை போடுவார்கள். எந்த வீட்டில் அப்படிச் சண்டை நடக்கிறது? எடிட்டர் வசனங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிச் சரி செய்வார், நன்றாகவும் இருக்கும். ஆனால் அந்த வேகம் எடிட்டர் கொடுத்த வேகம். மூன்று கேமரா ஓடினால் எங்கே வெட்டினாலும் அதே நொடி, அதே மூச்சு.

நான் பதினெட்டு வருடம் மூன்று கேமரா ஸ்டுடியோவில் இருந்தேன். அப்போதெல்லாம் கன்ட்ரோல் ரூமில் சுவிட்சரில் எந்தக் கேமராவை அழுத்துகிறார்களோ அதுதான் டேப்பில் பதியும். மற்ற இரண்டும் காற்றோடு போய்விடும். ஒரு காட்சியில் மகள் கல்யாணம் வேண்டாம் என்று கத்துகிறாள். நான் மூன்றாவது கேமராவில் அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வசனம் கிடையாது. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடி போட்டுக்கொண்டார். ஸ்கிரிப்டில் இல்லாத ஒன்று. என் கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஹெட்போனில் "மூணு, மூணு" என்று கெஞ்சினேன். கன்ட்ரோல் ரூமில் மகளை விட்டு வெளியே வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இன்றைக்கு உங்கள் மூன்று கேமராவும் தனித்தனியாகப் பதிவு செய்யும். டைம்கோடை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதியும் நேரக் குறியீடு) மூன்றிலும் ஒன்றாக்கிவிட்டால் எடிட்டில் அப்படியே வரிசையாக நிற்கும். எனக்குக் கிடைக்காத வசதி அது. தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

அப்புறம் நான் ஒற்றைக் கேமராவுக்குப் போன பிறகு இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் ஓர் அம்மா நிஜமாகவே உடைந்தார். நாங்கள் தூரத்தில் வைடில் இருந்தோம். லைட் மாற்றி, சஜஷன் ஷாட்டுகளை (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டுபவை) முடித்து, க்ளோஸ்-அப்புக்கு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் வற்றிப்போயிருந்தார். கிளிசரின் போட்டு எடுத்தோம். ஒளி மிக அழகாக இருந்தது.

ஆகவே சண்டைக்கு மூன்று, பத்திரக் காட்சிக்கு ஒன்று. பத்திரம் பார்க்கும் இடத்தில் குறுக்கே பேச யாரும் இல்லை. கை, காகிதம், முகம் மூன்றுக்கும் தனித்தனியாக ஒளி வேண்டும். அதை அவசரப்படாமல் இரண்டாம் நாள் எடுங்கள்.

வெட்டே இல்லாத ஷாட் வேண்டாம். அதற்கு வாரக்கணக்கில் ஒத்திகை வேண்டும். உங்கள் அம்மா நடிகை ரிகர்சலிலேயே தீர்ந்துவிடுவார்.

பதில்: லொகேஷன் சவுண்ட்

மூன்று கேமரா சரி. ஆனால் ஒன்றில் வைடும் (அறை முழுக்கத் தெரியும் ஷாட்) மற்றொன்றில் க்ளோஸ்-அப்பும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். வைட் ஃபிரேமில் தெரியாமல் இருக்க பூம் மைக் (நீளக் கம்பில் கட்டிய மைக்) மேலே ஏறிவிடும். க்ளோஸ்-அப்பில் முகம் அருகில் இருக்கும், குரல் மட்டும் கூடத்தின் மூலையிலிருந்து கேட்கும். உடையில் குத்தும் லேப்பல் மைக்கை நம்பலாம் என்பார்கள். சண்டையில் கை மார்பில் பட்டால், முந்தானையை இழுத்துச் செருகினால், சரசரவென்று அதுவே வசனத்தின் மேல் ஏறும். டப்பிங்கில் சரி செய்யலாம் என்று யாராவது சொன்னால், அழுதுகொண்டே பேசிய வரியை மைக் முன் நின்று மறுபடி பேசச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஒளிப்பதிவாளரிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒளியை விட்டுக்கொடுக்காமல் மூன்று கேமராவை எங்கே வைப்பது என்று கேட்கிறார். அறையில் ஒரே ஒரு பெரிய ஜன்னல், இடது சுவரில். அம்மா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், மற்ற இருவரும் நிற்கிறார்கள். ஸ்கிரிப்ட்படி நாலாவது பக்கத்தில் தம்பி ஜன்னலுக்குப் போய்விடுகிறான்.

பதில்: பழைய ஸ்டுடியோ கேமராக்காரர்

மூன்றையும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், இருட்டு இருக்கும் பக்கம் வையுங்கள். வெளிச்சம் முகங்களுக்கு அப்பாலிருந்து வரும், கேமராவுக்கு நிழல் பாதி தெரியும். மூன்றும் ஒரே பக்கம் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடிக்காது, நடிகர்களுக்கு நடுவே உள்ள கற்பனைக் கோட்டையும் தாண்டாது, அதனால் வெட்டும்போது பார்வைத் திசை மாறாது. ஒளிப்பதிவாளர் பயப்படும் தட்டை வர வழியில்லை. லுக் கொஞ்சம் விலகும். அதை மேசையைத் திருப்பிப் போட்டு ஓரளவு சரி செய்யலாம்.

சவுண்டுக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டேக்கில் வைடே வேண்டாம். ஒன்று அம்மாவின் க்ளோஸ்-அப், டேக் முழுக்க அசையக் கூடாது. இரண்டாவது அக்கா. மூன்றாவது தம்பி. மூன்றும் நெருக்கமான அளவு என்பதால் பூம் கீழே இறங்கலாம், இரண்டு பூம் இருந்தால் நல்லது. ரிகர்சலில் அம்மாவை நடிக்க வைக்காதீர்கள். நடக்கும் இடம், உட்காரும் இடம் மட்டும் பார்த்துவிட்டு நேராக டேக். அவர் உடைந்தால் அது உங்களிடம் இருக்கும். அதன் பிறகு வைடை நிதானமாக, எத்தனை டேக் வேண்டுமானாலும்.

தம்பி ஜன்னலுக்குப் போகும்போது மூன்றாவது கேமரா கூடவே பான் செய்து போகட்டும். முதுகு தெரிந்தால் தெரியட்டும், திரும்பச் சொல்லாதீர்கள். அவன் அங்கே போய் நின்றதும் அம்மா அவனைப் பார்க்கத் திரும்புவார். அதுவரை பாதி இருட்டில் இருந்த முகம் அந்த நொடிதான் வெளிச்சத்தின் பக்கம் திரும்பும், கேமராவுக்கு அதன் ஓரம் மட்டும் ஒளிரும். முதல் கேமராவில் இருப்பவரிடம் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஃபோகஸில் இருக்கட்டும்.