வயல் நெட்டைக்காலியா, ரிச்சர்ட் நெட்டைக்காலியா?

புல்நுனி: டிசம்பர் மாதம், ஈரப்பாங்கான புல்வெளியில் எடுத்த படம். தனியாக நின்ற ஒரே பறவை, நெட்டைக்காலி என்ற சிறு பறவை வகை. பழுப்பு முதுகு, மார்பில் கீற்றுகள், வாலோரம் வெள்ளை. நிமிர்ந்து நிற்பதால் ரிச்சர்ட் என்று நினைக்கிறேன். சரியா?

கீச்சொலி: நிமிர்ந்து நிற்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மிரண்டால் வயல் நெட்டைக்காலியும் கழுத்தை நீட்டி அப்படித்தான் நிற்கும். முதலில் குரல். ரிச்சர்ட் எழுந்து பறக்கும்போதே கரகரப்பாக, உரக்க "ஷ்ரீப்" என்று கத்தும், தூரத்திலும் கேட்கும். வயல் நெட்டைக்காலியின் குரல் சன்னமானது: "சிப்... சிப்-சிப்". இறங்கும் விதத்தையும் பாருங்கள். உயரமான புல்லுக்கு மேல் ஒரு கணம் சிறகடித்து அந்தரத்தில் நின்று இறங்குவது ரிச்சர்டின் பழக்கம். அடுத்த முறை கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டே நெருங்குங்கள். பறவை எழுந்த பிறகு பொத்தானைத் தேடினால் முதல் குரல் போய்விடும், அதுதான் முக்கியமானது.

வாலிறகு: குரல் இல்லையென்றால் முகம். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே வயல் நெட்டைக்காலிக்குக் கருங்கோடு போலத் தெரியும். ரிச்சர்டுக்கு அந்த இடம் வெளிறியிருக்கும், முகமே வெளிச்சமாகத் தோன்றும். இதற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும். வயல் சுமார் 15 செ.மீ., ரிச்சர்ட் 17–18 செ.மீ. ஆனால் தனிப் பறவையின் படத்தில் செ.மீ. உதவாது. வாலை உடலோடு ஒப்பிடுங்கள்: ரிச்சர்டின் வால் நீளம், அலகும் தடிமன். இறகு உதிர்க்கும் பறவையிடம் வால் கணக்கு பொய்க்கும்.

மலைச்சரிவு: எந்தப் பகுதி என்று சொல்லவில்லையே? மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வயல் நெட்டைக்காலி மற்ற இடத்துப் பறவையைவிடப் பெரிது, நிறம் அடர்த்தி, கீற்றும் அதிகம். அதை ரிச்சர்ட் என்று பதிவது வழக்கமான பிழை.

பிளைத் நெட்டைக்காலியையும் மறக்காதீர்கள், ரிச்சர்டைப் போல அதுவும் குளிர்கால விருந்தாளி. வளர்ந்த பறவையின் நடு மூடிறகுகளில் (சிறகின் மேற்பகுதியை மூடும் இறகு வரிசைகளில் நடுவரிசை) கருமை சதுரமாக வெட்டியதுபோல் இருந்தால் பிளைத். கூராக முடிந்தால் ரிச்சர்ட். வெள்ளை விளிம்புள்ள இளம்பருவ இறகுகள் மிச்சமிருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

புல்நுனி: மலையடிவாரம் இல்லை, சமவெளி. படத்தைப் பெரிதாக்கினேன்: கண்முன் கருங்கோடு தெளிவாக இருக்கிறது, வாலும் குட்டைதான். குரல் பதிவாகவில்லை.

கீச்சொலி: அப்படியானால் வயல் நெட்டைக்காலி. கோடு தெளிவில்லாமல் இருந்திருந்தால் "நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை" என்று பதியச் சொல்லியிருப்பேன்.