மறுமொழி: கலைச்சொல் – பதிப்பிறக்கமா, பூட்டா, ஊன்றலா?

வணக்கம்,

ஒரு நிரலைக் கட்டும்போது, அதாவது அதன் மூலத்தைத் தொகுத்து ஓடக்கூடியதாக்கும்போது, குறித்த தொகுப்பிப் பதிப்பையே பாவிக்க வைப்பதற்குக் கையேட்டில் என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு அண்ணன் சொன்ன "பதிப்பிறக்கம்" எனக்கு ஒத்துவரவில்லை. கையேட்டில் நாம் எதையும் இறக்கச் சொல்லவில்லையே. ஹட்டனில் வகுப்பு நடக்கிற கணினிகளில் சி மொழித் தொகுப்பியான ஜிசிசியின் 14ஆம் பதிப்பு இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றுகிற அந்தச் சின்ன சி நிரலைக் கட்டும்போது மட்டும் ஸ்கிரிப்ட் ஜிசிசி 12ஐக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். நம் கணினிகளில் உள்ள டெபியன் லினக்ஸில் இரண்டும் தனித்தனிப் பொதிகள் (பேக்கேஜ்), ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இறக்கம் என்று எழுதினால் பிள்ளைகள் முதல் வேலையாக 14ஐக் கழற்றிவிடுவார்கள், அப்புறம் அதைத் திரும்பப் பதிவிறக்க யாருடைய டேட்டா போவது?

இன்னொன்று, பெயருக்குள் "பழைய", "கீழ்", "இறக்கம்" எதுவுமே வரக்கூடாது என்பது என் கட்சி. இன்றைக்கு 12ஐக் கேட்கிறோம், காரணம் 2024 மே மாதம் வந்த 14 முன்கூட்டி அறிவிக்காத சார்பை (ஃபங்ஷன்) அழைத்தால் பிழை என்று நின்றுவிடுகிறது, முந்தியவை எச்சரித்துவிட்டுப் போய்விடும். நாளைக்கு வேறொரு நிரல் புதிய பதிப்பைத்தான் கேட்கும். செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

> பூட்டு என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்குமே

விளங்கும் டீச்சர், ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கோப்புப் பூட்டு இருக்கிறது, ஒரே நிரலில் ஒன்றாக ஓடும் இழைகளுக்கு (திரெட்) இடையில் போடுகிற பூட்டு இருக்கிறது, ஒரு பொதி தானாக மேம்படாமல் ஆப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்துப் பிடித்துவைப்பதையும் பூட்டு என்றே எழுதிவருகிறோம். அந்தக் கடைசிப் பொருளோடு இது குழம்பும். பூட்டினால் இயந்திரம் முழுக்கப் பூட்டுகிறது, நமக்கு வேண்டியது ஒரு கட்டுதலுக்கு மட்டும். "பிணைப்பு" தொகுத்த துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் பக்கம் போய்விட்டது. "நிறுத்தல்" என்றால் நம் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுப்பதுதான் முதலில் ஞாபகம் வரும், போதாததற்கு ஸ்டொப் என்ற பொருளும் உண்டு. "ஏவல்" என்று ஒருவர் எழுதியிருந்தார், நல்ல சொல்தான், ஆனால் ஜிசிசிக்கு யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று மாணவர்கள் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு: ஊன்று. செயலுக்குப் பதிப்பூன்றல், ஊன்றப்பட்ட பதிப்புக்கு ஊன்றுபதிப்பு. பூட்டு மாதிரி இறுக்கம் இதில் இல்லை, ஊன்றியதைப் பிடுங்கலாம், பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றலாம். கையேட்டு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "ஜிசிசி 12இல் ஊன்றிக் கட்டவும்", "ஊன்றாமல் கட்டினால் பிழை வரும்", "இந்த நிரலின் ஊன்றுபதிப்பு 12". வினையெச்சம், எதிர்மறை, பெயர் மூன்றும் இழுக்காமல் வருகின்றன. "பதிப்பிறக்கம் செய்யாமல்" என்று எழுதிப் பாருங்கள், அது வாயில் நிற்காது.

எந்த வழியால் ஊன்றுகிறோம் என்பதும் பெயரில் வேண்டாம், வழிகள் பல. கட்டுமுன் கணினியைச் சோதிக்கும் கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்றால், எந்தத் தொகுப்பி என்று சொல்லும் சிசி என்ற சூழல் மாறியில் ஜிசிசி-12 என்று கொடுத்தால் போதும், சி++ கலந்திருந்தால் அதற்கான சிஎக்ஸ்எக்ஸ் மாறியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பாதிப்பேர் விடுவது இதைத்தான். மேக் கட்டளை படிக்கிற மேக்ஃபைலுக்குள்ளேயே சிசி = ஜிசிசி என்று எழுதியிருந்தால் சூழல் மாறியை அது மதிக்காது, மேக் கட்டளையின் வரியிலேயே சிசியின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் நேரடியாக ஜிசிசி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் பலிக்காது, ஜிசிசி என்ற பெயரில் 12ஐக் காட்டும் ஒரு இணைப்பைத் தனி அடைவில் வைத்து, அந்த அடைவை, கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியின் தலையில் போட வேண்டியதுதான். சிமேக் என்ற கட்டும் கருவி இன்னும் பிடிவாதக்காரன், முதல் தடவை கண்ட தொகுப்பியைக் கேஷ் கோப்பில் எழுதிக்கொள்வான், அதற்குப் பிறகு சிசியை எத்தனை மாற்றினாலும் காதில் விழாது, கட்டும் அடைவையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஊன்றல் என்ற சொல் அவனுக்குத்தான் ரொம்பப் பொருத்தம்.

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற டெபியன் கட்டளையைக் கொண்டு ஜிசிசி என்ற பெயரையே 12க்குத் திருப்புவதை மட்டும் இந்தச் சொல்லுக்குள் சேர்க்காதீர்கள். அதில் அந்தக் கணினியைப் பாவிக்கிற எல்லாருக்கும் திரும்பிவிடும். அதற்கு வேண்டுமானால் "இயல்பு மாற்றம்" என்று வைத்துக்கொள்வோம்.

தம்பி கேட்ட மொழித்தரத்துக்கும், அதாவது சி மொழியின் எந்த விதிப்பதிப்பின்படி தொகுப்பது என்பதற்கும், இது நீளும். 2025இல் வந்த ஜிசிசி 15 தானாக சி23 என்ற புதிய தரத்தை எடுத்துக்கொள்வதால் வெற்று அடைப்புக்குறி போட்டு அறிவித்த பழைய சார்புகள் அடிபடுகின்றன. அங்கே தொகுப்பியை மாற்றாமல் தரத்தை மட்டும் முந்தியதான க்னூ17 என்று கொடுத்தாலே பல நிரல்கள் கட்டிவிடும். அது தர ஊன்றல்.

சொல்லடைவில் இப்படிப் போடப் போகிறேன்: "பதிப்பூன்றல் – ஒரு கட்டுதலுக்கு மட்டும் குறித்த தொகுப்பிப் பதிப்பைக் கட்டாயமாக்குதல்." கட்டுதலா கட்டுமானமா என்ற பழைய சண்டையை இந்த இழையில் தயவுசெய்து தொடங்க வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள், டீச்சர் சரி என்றால் முதல் அத்தியாயத்தை நானே திருத்திவிடுகிறேன்.