ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறேன், இப்போதே திருத்தலாமா?

கேள்வி:
திருப்பூர் பனியன் கம்பெனிப் பின்னணியில் ஒரு நாவல் எழுதுகிறேன். ராத்திரி உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தில் கட்டிங் மாஸ்டர் பேசும் வசனத்தைத்தான் மறுபடி நோண்டுகிறேன். கதை நகரவே இல்லை. முழுசாக முடித்துவிட்டுத் திருத்துவதா, அப்பப்போவா?

பதில்:
வசனத்தை விடுங்க. கடைசியில் அந்த மாஸ்டர் செத்துப்போனால் முதல் அத்தியாயமே மாறிவிடும், இழைத்த வரியெல்லாம் குப்பைக்கு. நான் ஓரத்தில் "ஷிஃப்ட் நேரம் பார்க்கணும்" என்று குறித்துவிட்டு மேலே போய்விடுவேன்.

பதில்:
எல்லாவற்றையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. கதை சொல்கிறவர் மாறினால் உடனே பின்னால் போய்த்தான் ஆகணும். 'நான்' என்று தொடங்கியதை 'அவள்' ஆக்கினால், அவளுக்குத் தெரியாத விஷயங்களும் உள்ளே வந்துவிடும். எழுத்துப்பிழை, அழகு எல்லாம் அப்புறம்.

பதில்:
ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கி 1866இல் கெடு நெருக்கியபோது 'சூதாடி' நாவலைச் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லிச் சொல்லியே ஒரு மாதத்துக்குள் முடித்தார். நமக்குக் கெடு இல்லை, அதுதான் தொல்லை.

கேட்டவர்:
சொல்கிறவர் மாறவில்லை. மாஸ்டர் சாகிறாரா என்பதே முடிவாகவில்லை, அண்ணா! சரி, இன்றைக்கு எட்டாவது அத்தியாயம்.