பழைய தஞ்சாவூர்ப் பலகைப் படத்தைத் துடைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

மேலவீதிக்காரன்:
கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் மாலை. பாட்டி காலத்து வெண்ணெய்க் கிருஷ்ணர், விளக்குப் புகை படிந்து கன்னம் எது, கை எது என்று தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தார். ஈர வேட்டித் துணியால் லேசாகத்தான் துடைத்தேன். முதலில் துணியில் கரி வந்தது, மகிழ்ந்தேன். அடுத்து மஞ்சள் வந்தது, பிறகு பால்போல வெள்ளை வந்தது. நிறத்துக்கு அடியில் இருக்கும் சுக்கான் பூச்சு, அதாவது சுண்ணாம்புப் பொடிப் பூச்சு, கரைந்து வருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கைவளையைப் புடைப்பாகக் காட்ட அடியில் வைத்த மக்குப் பசை ஊறிப்போனதால், மேலிருந்த தங்கரேக்குத் தகடு விரல் பட்டதும் நனைந்த அப்பளம்போல நகர்ந்தது. இடது கன்னம் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணியை நான் இன்னும் துவைக்கவில்லை.

காரைக்குடி மருமகள்:
நீங்கள் துடைத்ததோடு விட்டீர்கள். நாங்கள் காசு கொடுத்துக் கெடுத்தோம். கன்னம் உதிர்ந்துவிட்டதென்று எங்கள் வீட்டு ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் புதுப்பிக்கக் கடையில் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து வந்த படத்தில் தங்கம் பளபளத்தது, கற்களெல்லாம் புதியவை, பழைய கற்கள் என்ன ஆயின என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மாலையில் விளக்கேற்ற வந்த மாமியார், திரியைத் தூண்டாமல் சற்று நேரம் நின்று, “இது யாரு ஆத்தா?” என்றார். பழைய ராமர் கண்களைச் சற்றே தாழ்த்தியிருப்பார். இவர் நேராக முறைக்கிறார்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
என் அனுபவம் சிறியது. நண்பர் ஒருவர் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படமொன்றின் சட்டத்தைக் கழற்றி, பின்பக்கத்தில் இருப்பது அழுக்கென்று நினைத்துத் துடைத்தார். முருகனின் உடலும் மயிலும் போய், விழிகளும் வேலின் கோடும் மட்டும் வெறும் கண்ணாடியில் மிதந்தன. பலகைப் படத்தில் கண் திறப்பது கடைசியில். கண்ணாடியில் பின்புறமிருந்து எழுதுவதால் கண்ணும் நகையும் முதலில் வரும், உடல் நிறம் அவற்றின் மேல் பூசப்படும்.

இனி, மேலவீதிக்காரர் லேசாகத் துடைத்ததாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பலா மரப் பலகையின் மேல் துணி ஒட்டி, சுக்கான் பூசி, பசையில் குழைத்த நிறத்தால் எழுதிய படத்திற்கு லேசான ஈரம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவுமே ஆகாது. படத்தைக் கிடத்தி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தள்ளுங்கள். ஒரு செதில் எழும்பினாலும் கையை எடுத்துவிடுங்கள். மழை இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்குள்ளவர்களைக் கேட்டிருக்கலாம். சகோதரி சொன்ன மறுபூச்சு இதைவிட மோசம். தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சுரண்டி எறியாமல், சில இடங்களில் அப்படியே பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். இரண்டுமே இன்று இருக்கின்றன.

காரைக்குடி மருமகள்:
ஐயா, பெரியகோயில் ஓவியத்திற்கு யாரும் தினமும் விளக்கேற்றிப் பொங்கல் படைப்பதில்லை. பின்னமான படத்தைப் பூஜையில் வைக்கக் கூடாது என்று சொல்லும் வீட்டில், கன்னம் உதிர்ந்த ராமரை என்ன செய்வது? அருங்காட்சியகத்தார் கன்னத்தை வரைந்து தர மாட்டார்கள். கடைக்காரர் வரைந்து தந்துவிட்டார். முகத்தைத் தொடாமல் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்பித் தாருங்கள் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தெரியவில்லை. மாமியார் இப்போதும் விளக்கேற்றுகிறார், ஆனால் படத்தைப் பார்க்காமல் சுடரைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

மேலவீதிக்காரன்:
ஆசிரியர் ஐயா சொல்வது சரிதான். லேசாக என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. படம் பரணில், பருத்தித் துணிக்குள் இருக்கிறது. உதிர்ந்த துண்டுகளைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்; ஒன்றில் வெண்ணெய் உருண்டையின் விளிம்பும் அதைப் பிடித்த சுண்டு விரலும் தெரிகின்றன.