தாத்தா போன கப்பல்: தேடிப் பார்த்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நாகை_பேரன்

மூணு வருஷமா ரஜூலாங்கிற கப்பலையே தேடிட்டு இருந்தேன். வீட்ல எல்லாரும் "தாத்தா ரஜூலால போனாரு, திரும்பல"ன்னுதான் சொல்வாங்க. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடுச்சே அதே ரஜூலா, எங்க பக்கம் அந்தப் பேரு தெரியாத கிழவியே கிடையாது. ஆனா ரஜூலா ரெண்டாம் உலகப் போர்ல மூழ்கவே இல்லையே, 1970கள் வரைக்கும் ஓடுச்சே, அப்ப தாத்தா எங்க போனாரு? ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சது, அதே 1926ல அதே லைனுக்குன்னு கட்டின ஜோடிக் கப்பல் ஒண்ணு இருந்திருக்கு, ரோனா. 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கரைக்குப் பக்கத்துல, ஜெர்மன்காரன் ரேடியோ வச்சு ஓட்டுற கிளைடர் பாம்ப் போட்டு அதை மூழ்கடிச்சுட்டான். செத்தது ஆயிரத்துக்கும் மேல அமெரிக்க சிப்பாய்ங்க, கப்பல் ஆளுங்க நூறு பேருக்கு மேல. அந்தக் கதையெல்லாம் தேடினா கிடைக்கும், விடுங்க. போர்ல செத்த இந்திய மாலுமிங்க பேரெல்லாம் எழுதி பம்பாய் சீமென்ஸ் ஹோம்ல வச்சிருக்கிற புஸ்தகத்துல தாத்தா பேரும் கிடைச்சிடுச்சு, இன்ஜின் ரூம் ஆயில்மேன், அதாவது ஓடுற இன்ஜினுக்கு எண்ணெய் போடுறவர்.

நான் சொல்ல வந்தது வேற. அந்தக் கப்பல்ல தப்பிச்ச ஒரு சிப்பாயோட மகன், எழுபது தாண்டினவர், மெயில்ல பழக்கமாகி ஒருநாள் வீடியோ கால் பேசினோம். தங்கமான மனுஷன். அப்பா தண்ணில கிடந்ததை எல்லாம் சொல்லிட்டே வந்தவரு, பேச்சுவாக்குல, க்ரூ ஆளுங்கதான் முதல்ல போட்டை எடுத்துக்கிட்டு ஓடினாங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்வாருன்னு சொல்லிட்டாரு. நான் யாரு பேரன்னு அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோச்சு போல. எங்க தாத்தா இன்ஜின் ரூம்ல இருந்தவருங்கன்னு மட்டும் சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி சட்டை நுனில துடைச்சாரு, துடைச்சிட்டே இருந்தாரு. அப்புறம் கேட்டாரு, "எந்த வாட்ச்?"

பாம்ப் விழுந்தது சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, இன்ஜின் ரூம்லயே வெடிச்சிருக்கு. அந்த நேரம் அவரோட வாட்ச், அதாவது ஷிப்ட்டா இருந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். இல்லைன்னா மேல போட் பக்கம் இருந்திருப்பாரு. தெரியாதுங்கன்னு சொன்னேன், அவரு உடனே அங்க குளிர் எப்படி இருந்துச்சுன்னு வேற எதையோ பேச ஆரம்பிச்சிட்டாரு. ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்துது.

உப்புக்காத்து

எங்க தாத்தா ராயல் இந்தியன் நேவி. வீட்ல இருந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ, தொப்பி போட்டுக்கிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு. தொப்பி ரிப்பன்ல எழுத்து மாதிரி ஏதோ தெரியும், அதுலதான் கப்பல் பேரு இருக்குன்னு அப்பா அம்பது வருஷமா நம்பிட்டு இருந்தாரு. நான் அதைக் கொண்டுபோய் பெருசா ஸ்கேன் பண்ணிப் பார்த்தா எச்.எம்.ஐ.எஸ்.னு மட்டும் இருக்கு, அது அந்த நேவிக் கப்பல் எல்லாத்துக்கும் பேருக்கு முன்னாடி போடுற எழுத்து. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, வெறும் துணி. நேவில இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தர்கிட்ட காட்டினேன், சிரிச்சிட்டாரு, போர் சமயத்துல எந்தத் துறைமுகத்துல எந்தக் கப்பல் நிக்குதுன்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு பேரை எடுத்துட்டாங்க தம்பின்னாரு.

வீட்டுக்கு வந்தா அப்பா வாசல்லயே உக்காந்திருக்காரு, என்ன பேருன்னு தெரிஞ்சுதான்னு கேட்டாரு. எனக்கு வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன், காவேரின்னு. அந்தப் பேர்ல கப்பல் இருந்தது நிஜம், தாத்தா அதுல இருந்தாரா யாருக்குத் தெரியும். அடுத்த நாள் காலைல டீக்கடைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. போன வருஷம் அப்பா போயிட்டாரு. கருமாதி பத்திரிகைல அண்ணன் "எச்.எம்.ஐ.எஸ். காவேரி வீரரின் புதல்வர்"னு அடிச்சிட்டான்.

சீனி_மதுரை

எங்க தாத்தா 1946 கப்பற்படை எழுச்சில கலந்துக்கிட்டவர். பம்பாய்ல இருந்த தல்வார்ங்கிற கடற்படைத் தளம். சாகுற வரைக்கும் வீட்ல பருப்பு வச்சா தட்டுல ஊத்தினதும் விரலால ஒரு சுத்து தடவிப் பார்ப்பாரு, கல்லு இருக்கான்னு. அப்புறம் தட்டைத் தள்ளி வச்சிடுவாரு. பாட்டி திட்டிக்கிட்டே ரசம் ஊத்துவாங்க. சோறு சரியில்லைன்னு ஆரம்பிச்சதுதானே அந்தக் கலகமே.

தியாகி பென்ஷனுக்கு அலைஞ்சப்ப ஒரு ஆபீஸ்ல, பேரு லிஸ்ட்ல இல்ல, வேற ஏதாவது சான்று இருக்கான்னு கேட்டாங்க. தாத்தா எழுந்து நின்னு "பருப்பு"ன்னாரு. அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன், அப்ப எனக்கு பதினாறு வயசு. அதுக்கப்புறம் அவரு அந்த ஆபீஸ் பக்கமே போகல.

கணக்குப்பிள்ளை

சீனி, கோவிச்சுக்காதீங்க. ஆனா எல்லார் வீட்டுத் தாத்தாவும் எப்படி தல்வார்லயே இருந்தாங்க? அது சிக்னல் ஸ்கூல், அதுக்குள்ள எத்தனை பேரு இருக்க முடியும்? பிப்ரவரி 18 அங்க ஆரம்பிச்சது உண்மை, ஆனா 78 கப்பல், 20 கரைத்தளம்னு பரவினது, நம்ம மெட்ராஸ்ல இருந்த அடையார் தளமும் அதுல சேர்த்திதான். உங்க தாத்தா அடையார்ல இருந்துட்டு பேச்சுல தல்வார்னு சொல்லியிருக்கலாம், அதுல அவருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. தப்பான தளத்துல தேடினா லிஸ்ட்ல பேரு எப்படிங்க வரும்?

பொதுவாவே இங்க எல்லாரும் தப்பான இடத்துலதான் தேடுறீங்க, அதனால சொல்றேன். முதல்ல ஆளு நேவியா, வணிகக் கப்பலான்னு தெளிவாகுங்க. வீட்ல ரெண்டையும் "கப்பல்ல இருந்தாரு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பாங்க, ஆனா பேப்பர் ரெண்டும் வேற வேற இடம். நேவின்னா மும்பை மான்கூர்த்ல இருக்கிற மாலுமிகள் பீரோவுக்கு எழுதுங்க, சர்வீஸ் நம்பர் இருந்தா நல்லது. வணிகக் கப்பல்னா ஆளைத் தேடாதீங்க, கப்பலைத் தேடுங்க. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு அபிஷியல் நம்பர் உண்டு, அந்த நம்பரை வச்சுதான் லண்டன் கியூல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல போர்க்கால க்ரூ லிஸ்ட்டை அடுக்கி வச்சிருக்கான், பி.டி. 381ங்கிற வரிசை. கப்பல் எந்தத் தேதில எங்க நின்னுச்சுன்னு பி.டி. 389 கார்டுல இருக்கும். உயிரோட திரும்பி வந்து மெடல் கேட்டு வாங்கினவங்க பி.டி. 395. செத்தவங்கன்னா லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்துல போய் தேடிட்டு "எங்க தாத்தாவை வெள்ளைக்காரன் மறந்துட்டான்"னு போஸ்ட் போடாதீங்க, இந்திய மாலுமிங்க பேரு ஒரு புஸ்தகமா பம்பாய்லயும் சிட்டகாங்லயும் ஒரே மாதிரி ரெண்டு பிரதி இருக்கு, வணிகக் கப்பல்காரங்க கிட்டத்தட்ட 6,000, நேவி 400க்கு மேல.

அப்புறம் பேரு. இதுலதான் முக்கால்வாசிப் பேரு விழுறீங்க. முத்துசாமின்னு ஒருத்தர்னு வச்சுக்கங்க, எழுதினவன் வெள்ளைக்காரன் இல்ல, ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தா; கூட ஏறின சராங், அதாவது மாலுமிங்க மேஸ்திரி, சொல்லச் சொல்ல அவன் காதுல விழுந்ததை எழுதினது. மூட்டுசாமி, மத்துசமி, வெறும் சாமி, எப்படி வேணா இருக்கும். அப்பா பேரு முன்னாடி வந்து ஆளு பேரு பின்னாடி போயிருக்கும். ஊர் பேரே ஆளு பேரா ஆயிருக்கும். பேரை ஒதுக்கி வச்சுட்டு வயசு, வேலை, கப்பல் மூணையும் வச்சுத் தேடுங்க.

என் கதை சின்னது. எங்க பெரியப்பா 1944 ஏப்ரல் 14 பம்பாய் விக்டோரியா டாக்ல ஃபோர்ட் ஸ்டிகின்ங்கிற வெடிமருந்துக் கப்பல் வெடிச்சப்ப ரெண்டு பெர்த் தள்ளி நின்ன கப்பல்ல பண்டாரி, அதாவது சமையல்காரர். சமையலுக்கு வெங்காயம் வாங்க வெளிய வந்ததால பொழைச்சாரு. க்ரூ லிஸ்ட்ல அவர் பேருக்கு நேரா "ஓடிப்போனவர்"னு எழுதியிருக்கு. அதைப் படிச்சப்ப அவரு உயிரோட இல்ல.

சீனி_மதுரை

பெரியப்பாவை ஓடிப்போனவர்னு எழுதின பேப்பரை நீங்க நம்பல. எங்க தாத்தா பேரு இல்லாத லிஸ்ட்டை மட்டும் நான் நம்பணுமா?

வடமராட்சி_பெட்டை

சண்டை பிடிக்காதேங்கோ. எங்கட அப்பப்பா சிலோன் கடற்படைத் தொண்டர், திருகோணமலையில இருந்தவர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போடேக்க அவர் துறைமுகத்திலதான். மட்டக்களப்புக்கு அங்கால ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் தாண்ட நாள். அதைப்பற்றி அவர் ஒண்டும் கதைக்கிறேல்ல, எங்களுக்கும் கேக்கத் தெரியேல்ல. 90ல இடம்பெயரேக்க வீட்டில இருந்த கடதாசி எல்லாம் போட்டுது.

போன வருஷம் ஆரோ ஒருத்தர் இணையத்தில ஏலத்துக்குப் பழைய சர்வீஸ் சான்றிதழ் ஒண்டு போட்டிருந்தவர். பேர் அரைவாசி மடிப்புக்குள்ள போட்டுது, வாசிக்க ஏலாது. ஆனா அதில ஆளின்ர அடையாளம் எழுதிற இடம் ஒண்டு இருக்கு எல்லோ, உயரம், கண், நிறம், தழும்பு எண்டு. தழும்பு எண்ட இடத்தில இடது புருவத்துக்கு மேல வெட்டுக்காயம் எண்டு கிடந்தது. அது அப்பப்பா சின்னனில பனையால விழுந்த காயம். நான் சின்னப் பிள்ளையில அவற்ர மடியில இருந்து அதை விரலால தொட்டுத் தொட்டுப் பாக்கிறனான். கடைசி நிமிஷத்தில வேற ஆரோ கூடக் காசு போட்டு எடுத்துட்டினம். வித்த ஆளுக்கு மெசேஜ் போட்டன், வாங்கின ஆளின்ர விபரம் தரேலாது எண்டிட்டார். தரேலாதுதான், விளங்குது. படத்தை மட்டும் சேமிச்சு வச்சிருக்கிறன்.

ரிட்டயர்ட்_செகண்ட்

கணக்குப்பிள்ளை சார், இத்தனை நம்பரை எழுதினீங்களே, அந்தப் பையன் கேட்டது வாட்ச் பத்தி. க்ரூ லிஸ்ட்ல வாட்ச் இருக்காது. இன்ஜின் ரூம் லாக்ல தேடலாம்னா அது கப்பலோட போயிருக்கும். கியூக்குப் போனாலும் கிடைக்காது, யாரும் பணம் செலவு பண்ணி அலையாதீங்க.

தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் இன்ஜின் ரூம்ல இருந்தவன். வாட்ச் மூணு: பன்னண்டு டு நாலு, நாலு டு எட்டு, எட்டு டு பன்னண்டு. காலைல ஒரு தடவை, அதே நேரம் சாயங்காலம் ஒரு தடவை. ஒரு வாட்ச்ல போட்டா பெரும்பாலும் அந்தப் பயணம் பூரா அதேதான், உடம்பு அதுக்குப் பழகிடும். அஞ்சு மணிக்கு மேல வெடிச்சிருந்தா நாலு டு எட்டுக்காரங்கதான் கீழ இருந்திருப்பாங்க. அது செகண்ட் இன்ஜினியர் வாட்ச், நான் பாத்த வாட்ச்.

ஆயில்மேன்னா என்ன வேலைன்னு அந்த அமெரிக்கருக்குத் தெரியுமோ என்னவோ. 1971ல நான் ஜூனியரா இருந்தப்ப ஒரு பழைய ஸ்டீம் கப்பல், பிஸ்டன் இன்ஜின். அதுல ஒரு கிழவர். இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே, ஆள் உசரத்துக்கு கனெக்டிங் ராட் மேலயும் கீழயும் போயிட்டு வரும், இவரு அது கூடவே கையைக் கொண்டுபோய் கொண்டுபோய் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பாரு, சூடு ஏறியிருக்கான்னு. ஒரு சுத்து தப்பினா கை இருக்காது. என்னையும் தொடச் சொன்னாரு. நான் மூணு தடவை கையை நீட்டி மூணு தடவையும் இழுத்துக்கிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, எண்ணெய்க் கேனை எடுத்துக்கிட்டு அடுத்த பேரிங்குக்குப் போயிட்டாரு. அந்தப் போக்கு இன்னிக்கும் எனக்கு அவமானமா இருக்கு.

போட் விஷயம். ரோனால 22 போட் இருந்து எட்டுதான் தண்ணில இறங்குச்சு, அதுலயும் பலது தண்ணி நிறைஞ்சும் கவுந்தும் போச்சு. போட்டைத் தொங்கவிட்டு இறக்குற டேவிட்ங்கிற கம்பி துருப்பிடிச்சு, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு இறுகிப்போன கப்பி, வெடில நொறுங்கின போட், அதையெல்லாம் ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க நடுவுல யாரு இறக்கினாலும் அப்படித்தான் ஆகும். போட் இறக்கத் தெரிஞ்சவன் க்ரூதானே, அப்ப போட்ல முதல்ல தெரியறவனும் அவன்தான். தண்ணில கிடந்த பையனுக்கு அது ஓடுற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். அவரு அப்பா பொய் சொல்லல. ஆனா பார்த்தது அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

சார், க்ரூல சில பேரு நிஜமாவே முன்னாடி போயிருக்கலாம். நம்மாளுங்கறதுக்காக எல்லாரையும் சாமியாக்க வேண்டாம்.

ரிட்டயர்ட்_செகண்ட்

ஆக்கலையே. போயிருக்கலாம்.

நாகை_பேரன்

செகண்ட் சார், நீங்க எழுதினதைப் படிச்சிட்டு நேத்து ராத்திரி அத்தை வீட்டுக்குப் போனேன். தாத்தா கடைசியா போட்ட கடுதாசி அவங்ககிட்ட இருக்கு, வருஷா வருஷம் திதிக்கு எடுத்துப் படிப்பாங்க, எங்க எல்லாருக்கும் மனப்பாடம். 1943 ஆகஸ்ட். கப்பல் பேரு வர்ற இடத்தை சென்சார்காரன் கருப்பு மையால அடிச்சிருக்கான், அதனாலதான் வீட்ல தெரிஞ்ச பேரா ரஜூலான்னே வச்சுக்கிட்டாங்க போல.

அதுல ஒரு வரி வரும். அந்த எடம் வந்தா அத்தை எப்பவும் அழுவாங்க, ஏதோ மனசு ஒடிஞ்சு எழுதியிருக்காருன்னு நாங்களும் நினைச்சிட்டிருந்தோம். அப்படியே எழுதுறேன்:

"இங்கே எனக்கு உதயமும் இல்லை அஸ்தமனமும் இல்லை, இரண்டு வேளையும் கீழேயே கழிகிறது, சூரியனை உச்சியில் மட்டும் பார்க்கிறேன்."

அத்தைகிட்ட வாட்ச் பத்தி சொன்னேன். நாலு டு எட்டு, காலைலயும் சாயங்காலமும். அவங்க கடுதாசியை வாங்கி அந்த வரியை மறுபடி ஒரு தடவை படிச்சாங்க, இந்தத் தடவை அழல. அப்ப அது வேலை நேரமாடான்னு கேட்டாங்க.

ஆகஸ்ட்ல இருந்த வாட்ச் நவம்பர்லயும் இருந்திருக்குமான்னு நீங்க கேப்பீங்க சார், எனக்கும் அது தோணுச்சு. அமெரிக்காக்காரருக்கு மெயில் எழுதி டிராஃப்ட்லயே வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல.