கல்யாணத் தேதி நெய்த பாய்

பத்தமடைப் பாய்க்கு ஆர்டர் பிடித்து, நெய்து வாங்கி அனுப்புகிற சின்னத் தொழில் என்னுடையது. 7 வீட்டுத் தறிகள் எங்களுக்காக ஓடுகின்றன. பெரும்பாலும் பொண்ணு மாப்பிள்ளை பேரும் கல்யாணத் தேதியும் போட்ட பட்டுப்பாய்கள்தான், அதாவது பட்டு மாதிரி மெல்லிசாக நெய்த கோரைப்பாய்கள். இதில் ஒரு நாள் பிந்தினாலும் பாதி விலைக்குக்கூடத் தள்ள முடியாது, யாரோ இரண்டு பேருடைய பேர் போட்ட பாயை வேறு யார் வாங்குவார்கள்?

3 வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட பாய் ஒன்று, கல்யாணம் முடிந்து நாலாம் நாள்தான் தறியை விட்டு இறங்கியது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பொண்ணோட அப்பா சத்தம் போடவில்லை, "சரி தம்பி, இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தப் பாய் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் சுருட்டியபடி கிடக்கிறது.

அதை நெய்த லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள்) வீட்டுக்குச் சண்டை போடத்தான் போனேன். அவர் மகளுடைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூல் நான் சொன்ன நாளுக்கு 8 நாள் கழித்துப் போயிருக்கிறது, மாப்பிள்ளை பேரில் 'ஸ்' வருமா 'ஷ்' வருமா என்று கேட்டுச் சொல்ல இன்னும் 5 நாள். "நீங்க பிந்தின 13 நாளை நான் எங்க போயி நெய்ய தம்பி? அதுக்குள்ள மழையும் வந்துட்டு, சாயக்கோரை காயவே இல்ல." என்னிடம் பதில் இல்லை.

கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, சாயம் ஏற்றி, அதையும் காயவைத்த பிறகுதான் தறிக்குப் போகும். நான் கடைசித் தேதி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இத்தனையையும் அவர்கள் தலையில் போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் தேதியை நான் சொல்வதில்லை, நெய்கிறவரே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தறிக்குப் பக்கத்திலும் ஒரு அட்டை தொங்கும், இடது பக்கம் நான் கொடுக்க வேண்டியவை, வலது பக்கம் அவர் முடிக்க வேண்டியவை, இரண்டுக்கும் தேதி. என் தேதி தவறினால் அவர் சும்மா இருந்த நாளுக்கும் கூலி என் கையிலிருந்து. முதல் 2 மாதத்தில் 4 நாள் கூலி அப்படிக் கொடுத்தேன், அதோடு நூல் பிந்துவது நின்றது. பேரை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பாத வரைக்கும் கல்யாண வீட்டு ஆர்டரையும் தொடங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்காக 10 நாள் கூடுதலாக வாங்கிக்கொள்கிறோம், ஆவணிக் கல்யாணங்களுக்கான கோரையை ஆடியிலேயே சாயம் ஏற்றி வைத்துவிடுகிறோம்.

திங்கட்கிழமை காலையில் எல்லாத் தறிக்கும் நேரில் போகிறேன். வாட்ஸ்அப்பில் படம் வாங்கினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்குப் போதவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சாண் ஏறியிருக்கிறது என்று கையால் அளக்கும்போதுதான் பிள்ளைக்குக் காய்ச்சல், பேர் எழுத்து ஏறுகிற இடத்தில் இரண்டு தடவை பிரித்து நெய்தது எல்லாம் பேச்சில் வரும்.

ஒரு வீட்டில் மட்டும் இன்னும் பிந்துகிறது, படுக்கையில் கிடக்கும் அம்மாவை அவர் ஒருவரே பார்க்கிறார். அவருக்குப் பேர் போடாத பாய்களாகக் கொடுக்கிறேன்.

போன வாரம் அந்த நோட்டு லாத்தாவே போன் செய்தார்: "தம்பி, அட்டைல நாளைக்கு நூல்னு போட்டிருக்கு, வாரியளா?" அன்று சாயங்காலமே கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன்.